துண்டு போட்டுப் பிடித்த முகூர்த்தம்

புளியஞ்சந்தை எந்தப் பக்கம் என்று அந்த ஊர்க்காரர்கள் நாலு பேரிடம் கேட்டால், நாலு திசையில் கை காட்டுவார்கள். அப்புறம் தங்களுக்குள் கூடிப் பேசி, நாலும் சரிதான் என்று முடிவு செய்து, கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவ்வளவு ஒற்றுமையான ஊர்.

அந்த ஊர்நலச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம் உண்டு. அதற்கு இருபத்திரண்டு வருஷமாக மேனேஜர் மாசிலாமணி. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு விதியைக்கூட மீறியதில்லை. பாதி விதிகள் அவரே போட்டவை என்பதால் மீற மனசு வரவில்லை. அதில் பெரிய விதியைப் பலகையில் எழுதி வாசல் கேட்டில் தொங்கவிட்டிருந்தார்: 'முகூர்த்தத்தில் பேர் ஏறாத விசேஷத்துக்குக் கேட் திறக்கப்படமாட்டாது.'

முகூர்த்தம் என்பது ஒரு நோட்டு. யாருக்கு எந்தத் தேதியில் மண்டபம், என்ன சாப்பாடு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஒரே நோட்டு, ஒரே பேனா. பேனா மாசிலாமணியின் சட்டைப்பையில். ஒருத்தர் எழுதும்போது இன்னொருத்தர் எழுத வழியே இல்லை என்பதால் எந்தக் குழப்பமும் வரவில்லை. குழப்பமே வராத ஒரு காரியத்தைச் சங்கம் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொண்டிருக்கும்? கம்ப்யூட்டர் வாங்குவதென்று தீர்மானம் போட்டார்கள்.

இரண்டு கம்ப்யூட்டர் வந்தது. கருப்பு மெஷின் கீழே கவுண்டரில். அதில் பலவேசம் உட்கார்ந்து தேதி பதிவு செய்வான். வெள்ளை மெஷின் மாடியில். அதில் ஸ்டோர் பார்க்கிற உலகம்மாள் சாப்பாட்டு விவரம் ஏற்றுவாள். கருப்பு ஒரு கம்பெனி, வெள்ளை வேறு கம்பெனி. வளர்ப்பும் வேறு. இரண்டுக்கும் நடுவில், மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பெட்டி வைத்து, இரண்டு பக்கமும் ஒயர் இழுத்து, அந்தப் பெட்டிக்குள் 'முகூர்த்தம்' என்று ஒரே ஒரு ஃபைலைப் போட்டார்கள். இருவரும் அதையே திறந்து அதிலேயே எழுத வேண்டும்.

முதல் வரியை மாசிலாமணியே கருப்பு மெஷினில் ஏற்றினார். ஆவணி பன்னிரண்டு, மணமகள் செவ்வந்தி, மணமகன் குற்றாலநாதன். செவ்வந்தி அவருடைய ஒரே மகள். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி ஆவுடையப்பன் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லியிருந்தார்: "எங்க பக்கம் முந்நூறு பேர் வாரோம் சம்பந்தி. மண்டபம் தயாரா இருக்கணும். வந்த எடத்துல எங்களைத் தெருவுல நிக்க வெச்சீருன்னா, மாப்பிள்ளையைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அன்றிலிருந்து மாசிலாமணிக்கு அந்த ஒரு வரியில்தான் உயிர். மறுநாள் காலையில் ஃபைலைத் திறந்து பார்த்தார். வரியைக் காணவில்லை.

"வே பலவேசம், என் மக எங்க?"

"வீட்டுல இருப்பா அண்ணாச்சி."

"ஃபைல்லவே!"

பலவேசம் தேடினான். செவ்வந்தி இருந்த இடத்தில் ஒரு வளைகாப்புக்குப் புளியோதரை இருந்தது. உலகம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் கடை திறக்கிற மாதிரி காலையில் ஃபைலைத் திறந்து, சாயங்காலம்தான் மூடுவாளாம். நேற்றும் அப்படித்தான்.

பக்கத்து டவுனிலிருந்து ஜோயல் என்கிற கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார்கள். நல்ல மனுஷர். புளியஞ்சந்தைக்கு அதற்கு முன் வந்ததில்லை என்பதால் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார்.

"ஒரு ஃபைலை ரெண்டு பேர் திறந்தா ஆளுக்கொரு நகல் முன்னால நிக்கும் அண்ணாச்சி. கடைசியா யார் சேவ் பண்ணுதாங்களோ, அவங்க நகல்தான் பெட்டியில தங்கும். முந்தி எழுதினவங்க எழுத்து போச்சு. அதுக்குத்தான் ஒருத்தர் திறந்ததும் மெஷின் ஒரு பூட்டு போடும். ஆனா உங்க கருப்பு போடுற பூட்டு வெள்ளைக்குத் தெரியாது. வெள்ளை போடுறது கருப்புக்குத் தெரியாது."

"ஒரே மண்டபத்துல வேலை பாக்குதுங்க. ஒண்ணை ஒண்ணு தெரியாதா?" என்றார் மாசிலாமணி.

"யாரும் அறிமுகம் செஞ்சு வைக்கலையே அண்ணாச்சி" என்றான் பலவேசம்.

ஜோயல் அதைச் சிரிப்புக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். போகும்போது இரண்டு புத்தி சொன்னார். "சரி பண்ண ஒரு சாமான் வரணும், நாளாகும். அதுவரைக்கும் ஒருத்தர் எழுதும்போது இன்னொருத்தர் எழுதாம ஒரு ஏற்பாடு வெச்சுக்கோங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ் பண்ணுங்க. அது நல்ல பழக்கம்."

அவர் தலை மறைந்ததும் வெள்ளை மெஷினைக் கீழே இறக்கினார்கள். கருப்புக்கு எதிரே முகம் பார்க்க வைத்து, இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, நடுவில் தாம்பூலத் தட்டு வைத்து, கூச்சப்படுமே என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே மூன்று நாள் காத்திருந்தார்கள். நாலாம் நாள் கதவைத் திறந்தபோது இரண்டும் அப்படியே இருந்தன. "ஒத்துவரல போலிருக்கு" என்று பெருமூச்சு விட்டு, வெள்ளையை மறுபடி மாடிக்குத் தூக்கினார்கள்.

அடுத்தது அந்த அஞ்சு நிமிஷம். மாசிலாமணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பந்திக்கு அடிக்கிற மணியை எடுத்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடித்தார். மணி கேட்டதும் கீழே பலவேசமும் மாடியில் உலகம்மாளும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுச் சேவ் அழுத்தினார்கள். எழுதியவரும் அழுத்தினார், எழுதாதவரும் அழுத்தினார். காலையில் பதினாறு விசேஷம் இருந்த ஃபைலில் மத்தியானம் ஒன்பது இருந்தது, சாயங்காலம் பன்னிரண்டு.

"ஏறுது, எறங்குதே" என்றார் மாசிலாமணி கவலையாக.

"நல்லதுதான் அண்ணாச்சி. மூச்சு விடுதுன்னு அர்த்தம்" என்றான் பலவேசம்.

செவ்வந்தி கல்யாணத்தை அவர் அன்றைக்கு மட்டும் ஏழு தடவை ஏற்றினார். ஏழு தடவையும் அடுத்த மணிக்கு அழிந்தது. மணியை அடித்தது அவர்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அப்புறம் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவருக்குக் கண் திறந்தது. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒருத்தர் சீட்டில் துண்டைப் போட்டார். அவர் ஆற அமர டீ குடித்துவிட்டு ஏறுகிறவரைக்கும் அந்தச் சீட்டில் ஒருத்தரும் உட்காரவில்லை. மாசிலாமணி போக வேண்டிய ஊருக்குப் போகாமல் மண்டபத்துக்கு ஓடி வந்தார்.

"வே, பஸ்ல சீட்டு மேல துண்டு கெடந்தா உக்காருவீரா?"

"எப்படி அண்ணாச்சி உக்கார? துண்டு கெடக்கே."

"அதைத்தான்வே ஃபைலுக்கும் செய்யணும்."

படித் திருப்பத்தில் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். எழுதப் போகிறவர் அதில் துண்டு போட வேண்டும். எழுதி முடித்துத் துண்டை எடுக்கும்வரை மற்றவர் ஃபைலைத் தொடக்கூடாது. உலகம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆம்பளைங்க துண்டு போடுவீங்க. நாங்க பஸ்ல பைதான் போடுவோம். நான் பைதான் போடுவேன்" என்றாள். நியாயமாகப் பட்டது. மாசிலாமணி இருவரையும் தனித்தனியே அழைத்து உத்தரவு கொடுத்தார். பலவேசத்திடம், "துண்டு கெடந்தா தொடாதீரும்." உலகம்மாளிடம், "பை கெடந்தா தொடாத தாயி."

உத்தரவை இருவரும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார்கள். உலகம்மாள் பையைப் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். பலவேசம் வந்தான், நாற்காலியைப் பார்த்தான், பைக்குப் பக்கத்தில் துண்டைப் போட்டுவிட்டுக் கீழே போனான். இருவரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள்.

"பை கெடந்துச்சே, கண்ணு தெரியலையாவே?"

"நல்லாத் தெரிஞ்சுது அண்ணாச்சி. பச்சைப் பை. ஆனா துண்டு கெடக்கலையே? பையைப் பத்தி நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

இந்தத் தடவை வரி அழியவில்லை. அதுதான் மோசம். பாதி இவன் எழுதியதும் பாதி அவள் எழுதியதுமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆவணி மாதம் மண்டபத்தில் ஒரு ஜவுளிக்காரர் புடவை விற்பனை நடத்துவதாக இருந்தார். ஃபைல் இப்போது இப்படிச் சொன்னது: 'மணமகள் செவ்வந்தி. மணமகன் தள்ளுபடி விலையில். ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம்.'

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"சம்பந்திக்கு ஒரே பையன்தானே அண்ணாச்சி? ரெண்டாவதுக்கு எங்க போவாரு?"

"அது அவர் பாடு. எனக்கு என்ன கவலைன்னா, இலவசமா வர்ற மாப்பிள்ளைக்கு நம்ம மோதிரம் போடணுமா, வேண்டாமா?"

"சாயம் போகுமான்னும் கேட்டுக்கணும்" என்றாள் உலகம்மாள்.

முடிவு வருவதற்குள் ஃபைல் இன்னும் கெட்டது. கருப்பு எழுதிய தமிழை வெள்ளை படிக்கத் தெரியாமல் படித்ததில், எழுத்தெல்லாம் போய்ப் பக்கம் முழுக்க வெறும் கட்டம் கட்டமாக நின்றது. கல்யாண ஃபைலில் கட்டம் வந்தால் அது ஜாதகமாகத்தானே இருக்க வேண்டும் என்று அதை அச்செடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடினார் மாசிலாமணி. ஜோசியரும் புளியஞ்சந்தைக்காரர்தான். நாற்பது பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டினார். "கட்டத்துல ஒரு கிரகம்கூட இல்லையே! இவ்வளவு சுத்தமான ஜாதகத்தை நான் பாத்ததில்ல. தோஷம் உக்காரவே எடம் இல்ல" என்று சொல்லித் தட்சிணை வாங்கிக்கொண்டார். மாசிலாமணிக்கு அன்று நல்ல தூக்கம்.

விடிந்ததும் விதியைத் திருத்தினார். இனிமேல் துண்டும் வேண்டும், பையும் வேண்டும். இரண்டையும் கையில் வைத்திருப்பவர்தான் எழுதலாம். கேட்கிறபோது சரியாகத்தான் இருந்தது. பலவேசம் முந்திக்கொண்டு துண்டை எடுத்தான். உலகம்மாள் முந்திக்கொண்டு பையை எடுத்தாள். பை வரட்டும் என்று அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். துண்டு வரட்டும் என்று இவள் மேல்படியில் உட்கார்ந்தாள்.

"பையைக் குடு உலகம்மா, எழுதிட்டுத் தாரேன்."

"நீங்க துண்டைத் தாங்க, நான் எழுதிட்டுத் தாரேன்."

இரண்டு நாள் இப்படியே போயிற்று. மரியாதை குறையாமல்தான் பேசிக்கொண்டார்கள். சாப்பாட்டைக்கூடப் படியிலேயே முடித்தார்கள். மூன்றாம் நாள் பலவேசத்துக்கு மாமனார் வீட்டு மொட்டைக்குத் திருச்செந்தூர் போக வேண்டியிருந்தது. துண்டைத் தோளில் போட்டபடியே போய்விட்டான். மண்டபம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் மாசிலாமணி, "துண்டு திருச்செந்தூர் போயிருக்கு, வெள்ளிக்கிழமை வாங்க" என்றார். வேறு துண்டு போடலாமே என்று ஒருத்தர் கேட்டார். அவர் வெளியூர்க்காரர்.

இதற்குள் ஆடி பிறந்து பாதியும் போய்விட்டது. சம்பந்தி போன் செய்து, "மண்டபம் உறுதிதானே?" என்று கேட்டார். மாசிலாமணி, "உறுதிதான்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

"ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கிட்டா என்னப்பா?" என்றாள் செவ்வந்தி. ஊரில் கொஞ்சம் புத்தியோடு பிறந்துவிட்ட பெண். அவள் ஜாதகத்தில் அது ஒன்றுதான் குறை என்று அப்பாவுக்கு வருத்தம்.

"தாள்ல எழுதுறதுக்கா மகளே சங்கம் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்திருக்கு?" என்றார்.

நல்லவேளையாக ஆவணிக்கு முன்பே ஜோயல் சாமானோடு வந்துவிட்டார். கட்டங்களையெல்லாம் எழுத்தாக்கி, தன்னிடமிருந்த பழைய நகலிலிருந்து காணாமல் போனவற்றில் முடிந்ததை மீட்டு, இரண்டு மெஷினையும் ஒன்றோடொன்று பேச வைத்தார். செவ்வந்தி வரி மட்டும் எந்த நகலிலும் இல்லை.

"அதை நீங்களே ஒரு தடவை ஏத்திருங்க அண்ணாச்சி. இனிமே பயமில்ல. ஒருத்தர் திறந்திருந்தா இன்னொரு மெஷின் அவர் பேரைக் காட்டும். அவர் மூடுற வரைக்கும் வேற யாரும் பாக்கலாமே தவிர எழுத முடியாது."

"யாரும்னா?"

"யாரும்தான்."

"சங்கத் தலைவரே வந்தாலும்?"

"முடியாது."

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதமாக அவர் தேடியது இதைத்தான்.

"ஒண்ணு மட்டும் மறந்திராதீங்க. நீங்க சேவ் பண்ணினாத்தான் அது மத்தவங்க கண்ணுல படும்" என்று சொல்லிவிட்டு ஜோயல் போனார்.

மாசிலாமணி அன்றே மாடிக்குப் போய், வெள்ளை மெஷினில் தன் பேரில் ஃபைலைத் திறந்து மகள் கல்யாணத்தை ஏற்றினார். இதுவரை அந்த வரிக்கு வந்த கேடெல்லாம் மற்றவர்கள் கண்ணில் பட்டதால் வந்தது. ஆகையால் சேவ் பண்ணவில்லை. மூடினால்தானே மற்றவர் தொட முடியும்? ஆகையால் மூடவும் இல்லை. அறையைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். கரெண்ட் போய்விடக்கூடாதென்று மண்டபத்து ஜெனரேட்டரை இராப்பகலாக ஓடவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

அந்த இருபது நாளும் மண்டபத்தில் வேறு ஒரு பதிவும் நடக்கவில்லை. கேட்டு வந்தவர்கள் பக்கத்து ஊர் மண்டபத்துக்குப் போனார்கள். உலகம்மாள் மடியில் பையை வைத்துக்கொண்டு பூட்டிய அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஃபைலில் ஒரு வரிகூட அழியவில்லை என்று சங்கம் மாசிலாமணியைப் பாராட்டித் தீர்மானம் போட்டது.

ஆவணி பன்னிரண்டு வந்தது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். எட்டரை மணிக்கே மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மேளக்காரர்கள் தெருவிலேயே வாசிக்க ஆரம்பித்தார்கள். கேட்டில் பலவேசம் நின்றான். கையில் காலையில் கருப்பு மெஷினில் பார்த்து அச்செடுத்த தாள்.

"கேட்டைத் திறவும்வே!" என்றார் மாசிலாமணி, பட்டு வேட்டியும் பட்டுத் துண்டுமாக.

"பேர் இல்லையே அண்ணாச்சி. ஆவணி பன்னெண்டு காலி." பலவேசம் தாளைக் காட்டினான். பிறகு பலகையைக் காட்டினான்.

மாசிலாமணி பலகையைப் படித்தார். கோபம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு ஊழியனை உருவாக்கியிருக்கிறோமே என்று நெஞ்சு நிறைந்தது.

"என்ன சம்பந்தி, தெருவுல நிக்க வெச்சிட்டீரே?" என்று பின்னாலிருந்து ஆவுடையப்பனின் குரல் கேட்டது.

நிறைந்த நெஞ்சு பதறிப்போயிற்று. "அஞ்சே நிமிஷம் சம்பந்தி. பேரை ஏத்திட்டு வாரேன்" என்று பக்கவாட்டுக் கதவு வழியாகக் கவுண்டருக்கு ஓடினார். பலவேசமும் உலகம்மாளும் கூடவே ஓடினார்கள். கருப்பு மெஷினில் எழுதுவதற்காக ஃபைலைத் திறந்தார். திரையில் வந்தது: 'இந்த ஃபைலை மாசிலாமணி பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். அவர் முடிக்கும்வரை காத்திருக்கவும்.'

"யாருவே இவன், நேரம் காலம் தெரியாம?" என்றார்.

பலவேசம் உற்றுப் பார்த்தான். "அண்ணாச்சி, அது நீங்கல்லா?"

"நான் இங்கல்ல நிக்கேன்! மாடியில உக்காந்து எழுதிட்டிருக்கிறவன் எப்படிவே நானாவேன்?"

அது சரிதான் என்று பலவேசம் தலையாட்டினான்.

"மாடிக்குப் போய் அவரை எறங்கச் சொன்னா என்ன?" என்றாள் உலகம்மாள்.

"அறை பூட்டியிருக்கே தாயி."

"சாவி யார்கிட்ட?"

"மாசிலாமணிகிட்ட" என்றார் மாசிலாமணி. சொல்லும்போது இடுப்பில் என்னவோ உறுத்தியது. பட்டு வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

விதி விதிதான். முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறது. மூன்று பேரும் நாற்காலி போட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வாசலில் ஆவுடையப்பன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸை நோக்கித் திரும்பினார். மாலையும் கழுத்துமாகச் செவ்வந்தி அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"மாமா, அந்தக் கேட்டுல பூட்டே கிடையாது. பலகை மட்டுந்தான். எங்க ஊர்க்காரங்க அதைப் பாத்து நிப்பாங்க. நீங்க வெளியூர்தானே? தள்ளுங்க, திறக்கும்."

ஆவுடையப்பன் ஒரு விரலால் தள்ளினார். திறந்துகொண்டது. முந்நூறு பேரும் உள்ளே போனார்கள். மணமேடையில் எல்லாம் தயாராக இருந்தது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பாவைத்தான் காணவில்லை. ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். ஒருத்தர் கவுண்டருக்குள் தலையை நீட்டி, "மாசிலாமணியைப் பாத்தீங்களா? நேரமாவுது!" என்று கத்தினார்.

"பாத்தியா உலகம்மா, நாம மட்டும் இல்ல. அங்கேயும் அவனைத்தான் தேடுதாவ" என்றார் மாசிலாமணி. வந்தவரிடம், "நாங்களும் அரை மணி நேரமா அவனுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்று தகவல் சொல்லி அனுப்பினார்.

பத்தே காலுக்கு, இனியும் பொறுக்க முடியாதென்று, செவ்வந்தியின் தாய்மாமன் தாரை வார்த்தார். கெட்டி மேளம் முழங்கியது. மாசிலாமணிக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டு திரையில் இருந்த பேரை விரலால் குத்திக் காட்டினார்.

"பெத்த மக கழுத்துல தாலி ஏறுது. இந்த நேரத்துலயும் ஃபைலை விடாமப் புடிச்சிட்டு உக்காந்திருக்கான் பாரும். இவனெல்லாம் ஒரு அப்பன்!"

"கல்யாணத்தன்னிக்கு இப்படிச் செய்யலாமா?" என்று பலவேசமும் தலையில் அடித்துக்கொண்டான்.

மாசிலாமணி தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்துக் கம்ப்யூட்டர் மேல் போட்டார். அடுத்தது தன் முறைதான் என்று உறுதியானதும், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.